ஏழாம் நம்பர் மலை

மலை ஏறினால் சான்றிதழ் தருவார்கள் என்று நான் சொன்னதும், அம்மா முதுகிலிருந்த கூடையை இறக்கி வைத்தார்.

"அப்ப எனக்கு வர வேண்டிய சர்டிபிகேட்ட எல்லாம் எங்கடா வச்சிருக்காங்க? கூரத் தகரம் ஓட்டையா கெடக்கு. அதுக்கு மேலயாவது போடலாம்ல."

அவர் கேட்டதில் தப்பில்லை. ஹாலிஎலைக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சுமையோடு மலை ஏறி இறங்கினால் அதற்குப் பெயர் வேலை. அதையே முதுகுப்பையும் தொப்பியும் மாட்டிக்கொண்டு செய்தால் வெளிக்களக் கல்வி. இந்த வித்தியாசத்தை எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒருவருக்கும் என்னால் விளக்க முடியவில்லை. எனக்கே அது விளங்கியிருந்ததா என்று கேட்காதீர்கள்.

அது இரண்டாயிரத்து மூன்று. இலங்கையில் சண்டை ஓய்ந்திருந்த காலம். எல்லவுக்கு வெள்ளைக்காரர்கள் மறுபடியும் வரத் தொடங்கியிருந்தார்கள். பதுளையில் நாங்கள் உயர்தரம் படித்த பாடசாலையில் வைரவநாதன் சேர் ஒரு புதுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, இரண்டு நாள் ஒரு தொழிலிடத்தில் பயிற்சி, தவணைக்கு ஒரு தடவை மலை முகாம். மூன்றிலும் தேறினால்தான் சான்றிதழ்.

தொழிலிடங்களைப் பங்கிட்டபோது என் வகுப்பு யதுர்ஷனுக்குப் பதுளையில் மொஹிதீன் நானாவின் கராஜ் கிடைத்தது. தபாலதிபரின் மகள் கேசினி, மின்சார வேலைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கிக்கொண்டாள். எனக்கு எல்லவில் ஹுமைத் நானாவின் விருந்தினர் விடுதிச் சமையலறை. லயத்தில் செய்தி பரவியதும், "நிரோஷன் வெங்காயம் உரிக்கப் படிக்கிறானாம்" என்று பேச்சு வந்தது. அது பொய். முதல் மாதம் வெங்காயத்தைத் தொடவே என்னை விடவில்லை. தட்டுத் துடைத்தேன். பிறகுதான் வெங்காயம். அதன் பிறகு பேன்கேக். அது ரொட்டிக்கு வெளிநாட்டில் பிறந்த சித்தப்பா மகன். வளர்ப்பு வேறு, முகச்சாயல் ஒன்றுதான்.

சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அந்தச் சமையலறை எனக்குப் பிடித்துப் போய்விட்டது. நான் சுட்ட முட்டையைத் தின்றுவிட்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவி சமையலறை வாசலுக்கே வந்து கையெடுத்துக் கும்பிட்டுப் போனார். அதுவரை என்னைக் கும்பிட்டவர்கள் யாருமில்லை. அதற்குப் பிறகும் இல்லை. சான்றிதழோடு வந்தால் முழுநேர வேலை என்று ஹுமைத் நானா சொல்லியிருந்தார். சான்றிதழ் இல்லாவிட்டால்? விடுதியைப் பதிவு செய்கிறவர்கள் வந்து பார்த்துக் கேட்பார்கள் மகன், நான் என்ன செய்ய, என்று கையை விரித்தார்.

சிக்கல் முகாமில்தான் இருந்தது. முதல் தவணை முகாமில் இரண்டாம் நாளே நான் தோற்றுப் போனேன். காலில் ஏறிய அட்டைகளைப் பார்த்து மயங்கி விழுந்ததாகச் சிலர் சொல்வார்கள். அட்டைகள் ஏறுவதற்கு முன்பே விழுந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. தேயிலைக்குள் பிறந்து வளர்ந்தவனை பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டாவது தடவையும் தவறினால் திட்டத்திலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

அப்பா இதற்கெல்லாம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "சரிவராட்டி விடு. தொரைகிட்ட சொல்லி தோட்டத்துல பேர் பதிஞ்சிரலாம்."

துரை என்றால் தோட்டத்து மேலாளர். பேர் பதிவது என்றால் தோட்டத்துத் தொழிலாளியாகப் பதிவது. எங்கள் தாத்தா பதிந்தார், அப்பா பதிந்தார், அம்மா பதிந்தார். அதில் கேவலம் ஒன்றுமில்லை. என் சோறு முழுக்க அந்தப் பேரில் வந்ததுதான். ஆனால் எனக்கு அந்தச் சமையலறை வேண்டியிருந்தது. ஆகவே இரண்டாம் தவணை முகாமுக்குக் கிளம்பும்போது, காலில் சவர்க்காரம், அதற்கு மேல் உப்பு, அதற்கு மேல் அப்பாவின் பழைய காலுறை என்று மூன்று அடுக்குப் பாதுகாப்போடு போனேன்.

வைரவநாதன் சேரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெகுகாலமாகப் பதுளையில் கணிதம் படிப்பித்தவர். நேரத்தில் அவருக்கு இருந்த பக்தி சிலருக்குக் கடவுளிடம்கூட இருக்காது. ரயிலுக்குப் போனால், ஸ்டேஷன் மாஸ்டர் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே போய் நிற்பார். தன் வாழ்நாளில் ஒரு ரயிலையும் தவறவிட்டதில்லை என்பதை வகுப்பில் ஏதாவது ஒரு சாட்டில் வாரத்துக்கு ஒருமுறை சொல்லிவிடுவார்.

முகாம் விதிகளும் அவரைப் போலவே இருந்தன. மூன்று பேருக்கு ஒரு குழு; எங்கள் குழுவில் யதுர்ஷன், கேசினி, நான். வாகனம் ஏறக்கூடாது. வழியில் எண் போட்ட தரிப்புகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒருவர் நிற்பார். அவர் யார், எந்த உருவத்தில் இருப்பார் என்பது முன்கூட்டிச் சொல்லப்படாது. அவர் பெயர் கேட்பார், கொடுக்க வேண்டும். அடுத்த தரிப்பின் எண்ணைச் சொல்வார், போக வேண்டும். கடைசியாக அப்புத்தளை ஸ்டேஷன். அங்கே சேர் இருப்பார்.

"முகாம் எப்ப முடியும் சேர்?" என்று கேசினி கேட்டாள்.

"மூண்டாம் நாள் பகல், பதுளை ரயிலிலை நான் ஏறேக்கை முடியும். அதுக்கு முன்னம் வந்து பேர் குடுத்த ஆக்கள் பாஸ். அதுக்குப் பிறகு வாறவை ரயில் தண்டவாளத்திட்டைச் சொல்லலாம்."

நாங்கள் சிரிக்கவில்லை. அவர் பகிடி விடுகிறாரா என்பது எப்போதும் பிறகுதான் தெரியவரும்.

முதல் இரண்டு நாளும் நன்றாகத்தான் போயின. ஒரு தரிப்பில் பெயர் கேட்டவர் கோயில் பூசாரி. இன்னொன்றில் ரயில் கடவையில் கேட் போடுகிறவர். வேறொன்றில் பாண் விற்கிறவர் சைக்கிளை நிறுத்திவிட்டு எங்களைக் கேட்டார். யதுர்ஷன் முதலில் பாணுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு அப்புறம்தான் பெயர் கொடுத்தான். இரண்டாம் நாள் மாலை ஆறாம் தரிப்பை முடித்துவிட்டு இறங்கும்போது பனி மூடிவிட்டது. அப்புத்தளைப் பனியைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். தெரியாதவர்களுக்கு: நீட்டிய கை திரும்பி வரும்வரைக்கும் அது நம்முடையதுதானா என்று சந்தேகமாக இருக்கும். வழி தவறி, ஏதோ ஒரு தோட்டத்தின் பிள்ளை மடுவத்தில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் அறையில், அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் கேட்டுத் தங்கினோம். குழந்தைகளின் பாய்கள். எங்கள் கால்கள் முழங்காலோடு வெளியே கிடந்தன.

விடிந்தும் விடியாமலும் சங்கு ஊதியது. வெளியே இன்னும் பனி. ஒரு திடலில் ஆட்கள் வரிசையாக நிற்பது நிழல் நிழலாகத் தெரிந்தது. வரிசைக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்று பெயர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது தரிப்பா?" என்று யதுர்ஷன் என் காதில் கேட்டான்.

எங்கள் குழுவில் தோட்டத்துப் பிள்ளை நான் ஒருவன்தான். யதுர்ஷன் பதுளை பசாரில் இரும்புக்கடை வைத்திருப்பவரின் மகன். தேயிலையைப் பாக்கெட்டில் அறிந்தவன். கேசினிக்கு அது கோப்பையில் பழக்கம். ஆகவே தோட்டம் சம்பந்தமான எல்லாவற்றுக்கும் நான்தான் நிபுணர். நிபுணர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். பெரட்டு மாதிரி இருந்தது. பெரட்டு என்றால் காலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் எழுதி வேலைக்குப் பிரித்து அனுப்புவது. எங்கள் லயத்து வாசலிலிருந்தே தினம் பார்த்து வளர்ந்தவன் நான்.

"இது பெரட்டு இல்ல. பெரட்டு மாதிரி செஞ்சிருக்காங்க. சேரோட மூள அப்படி. தோட்டத்துப் புள்ள வர்றான்னு தெரிஞ்சே வச்சிருக்காரு," என்றேன்.

இத்தனை அறிவை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கணிதத்தில் அவ்வளவு குறைந்த புள்ளிகளை வாங்கினேன் என்பது புரியாத விஷயம்.

மழைக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறைகளோடு வரிசையின் கடைசியில் போய் நின்றோம். பெரியவர் எங்களிடம் வந்தார். ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. மற்றக் கண்ணைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார்.

"பேரு?"

சத்தமாகக் கொடுத்தோம். எழுதிக்கொண்டார்.

"கைக்காசுக்கா?"

ஆமாங்க என்றேன். அது என்ன கேள்வி என்று யோசிக்கவில்லை. பரீட்சையில் தெரியாத கேள்விக்கு ஆமாம் என்று எழுதுவது என் வழக்கம்.

"மூணு பேரும் ஏழாம் நம்பர் மலைக்குப் போங்க. பொம்பளையாளுக பின்னாலயே போங்க, பனியா இருக்கு."

ஆறாம் தரிப்பை முடித்துவிட்டு வந்தவர்களிடம் ஏழுக்குப் போ என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? நான் யதுர்ஷனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். அவன் என்னை மரியாதையாகப் பார்த்தான். அவன் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதலும் கடைசியும்.

ஏழாம் நம்பர் மலையில் ஆளுக்கொரு நிரையைக் காட்டினார்கள். பழைய கூடைகளும் கிடைத்தன. கொழுந்து பறிக்க வேண்டும் போலிருக்கிறது, இதுவும் பயிற்சி என்று நான் விளக்கம் கொடுத்தேன். கேசினிக்கு உற்சாகம். மின் கம்பியின் தோலை நகத்தால் உரித்துப் பழகிய விரல்கள் அவளுக்கு. பார்த்த கொஞ்ச நேரத்திலேயே பறிக்கப் படித்துவிட்டாள். யதுர்ஷன் செடியை நட்டுக் கழற்றுவது போலத் திருகினான். நான் என் பரம்பரையை நம்பி இறங்கினேன்.

எனக்குப் பக்கத்து நிரையில் நின்ற அக்கா என் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். புஷ்பம் அக்கா என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள்.

"தம்பி, இது கொழுந்தா? இல்ல மாட்டுக்கு அறுத்ததா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எந்த ஊர், எந்த லயம் என்று புஷ்பம் அக்கா விசாரித்தார். நான் பாடசாலை, முகாம், தரிப்பு, வைரவநாதன் சேர் என்று விளக்கினேன். விளக்க விளக்க அவர் கை நின்றது. பிறகு கூடையோடு அப்படியே செடிமேல் சாய்ந்துகொண்டு சிரிக்கத் தொடங்கினார். செய்தி நிரை நிரையாக மேலே ஏறியது. கடைசி நிரையிலிருந்து ஒரு கிழவியின் குரல் பனிக்குள்ளிருந்து கேட்டது: பள்ளிக்கூடத்து புள்ளைகள முருகையா கங்காணி பேர் போட்டுட்டானாமே.

அப்போதுதான் எனக்குத் தலை சுற்றியது. அட்டை எதுவும் ஏறவில்லை, இருந்தும் சுற்றியது. அது நிஜப் பெரட்டு. ஏழு என்பது தரிப்பின் எண் இல்லை, தேயிலை மலையின் எண். கைக்காசு என்றால் பதிவில்லாமல் அன்றன்றைக்குக் காசுக்கு வேலை செய்வது. எந்தப் பேர் பதியக்கூடாது என்று சவர்க்காரமும் உப்பும் பூசிக்கொண்டு மலை ஏறினேனோ, அந்தப் பேரை வரிசையில் நின்று சத்தமாக நானே கொடுத்திருந்தேன்.

கேசினி வரைபடத்தை விரித்தாள். இப்போதே கிளம்பி ஓடினால் பகல் ரயிலைப் பிடிக்கலாம் என்றாள். நான் கூடையைக் கழற்றிவிட்டேன்.

"போறதுன்னா போங்க. ஆனா கங்காணி பாவம்," என்றார் புஷ்பம் அக்கா.

காலையில் எங்கள் பேரை எழுதிய முருகையா கங்காணிக்குக் கண் சரியில்லை என்று யாரோ போட்டுக்கொடுத்து, போன வாரம் துரை கூப்பிட்டு எச்சரித்திருந்தாராம். வேலைக்கு வராத ஆளுக்குப் பேர் போட்டுக் காசு அடிக்கிறார் என்று சந்தேகம். இன்னொரு தடவை ஆளில்லாத பேர் இருந்தால் அன்றோடு வேலை போய்விடும். கங்காணி இப்போது வேறு மலையில். பேர் எழுதியது ஆபீசுக்குப் போயாயிற்று. காலைக் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை வந்து பேர் கூப்பிடுவார். மூன்று பேருக்கு ஆளும் இருக்காது, கொழுந்தும் இருக்காது.

புஷ்பம் அக்கா இதைக் கெஞ்சலாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் பறிக்கத் தொடங்கிவிட்டார். கேசினியும் யதுர்ஷனும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் முதல் முகாமில் தேறியவர்கள். தவறினால் அடுத்த தவணை இருக்கிறது. எனக்குத்தான் இல்லை. "நீ சொல்லு. நீ போறதெண்டா நாங்களும் வாறம்," என்றாள் கேசினி.

நான் நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். ரயிலைத்தான் முதலில் நினைத்தேன். பேன்கேக்கை நினைத்தேன். என்னைக் கும்பிட்ட கிழவியை நினைத்தேன். பிறகு, ஒற்றைக் கண்ணைக் கிட்டக் கொண்டுவந்து, பனியா இருக்கு, பின்னாலயே போங்க என்ற முகம் வந்து நின்றது. அந்தக் கண் சரியில்லாத மனிதரிடம் ஆமாங்க என்று சொன்னது நான்தான்.

கூடையை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் இன்றைக்கும் யாருக்காவது சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் கூடையிலிருந்த முற்றிய இலையை எல்லாம் புஷ்பம் அக்கா கீழே கொட்டினார். தன் கூடையிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டார். மேல் நிரையிலிருந்து ஒருவர் இறங்கி வந்து ஒரு கை போட்டார். அடுத்தவர் வந்தார். எங்கள் தோட்டத்திலும் உண்டு இது, நிறைமாதக்காரிக்கோ காய்ச்சல்காரிக்கோ இப்படித்தான் போடுவார்கள். அம்மாவின் கூடையில் போட்டதைப் பார்த்திருக்கிறேன், அம்மா போட்டதையும் பார்த்திருக்கிறேன். முதுகுப்பையோடு வந்த தடியனுக்குப் போட்டதை அன்றுதான் பார்த்தேன். போடப் போட ஆளுக்கொரு கேலியும் சேர்ந்து விழுந்தது. அட்டை கடிக்காமல் இருக்க நான் பூசியிருந்த சவர்க்காரத்தை ஒருவர் மோந்து பார்த்துவிட்டு, மாப்பிள்ளை கணக்கா வந்திருக்கானே என்றார். கேசினியின் கூடைக்கு மட்டும் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. இந்தப் புள்ளைய நாங்களே வச்சிக்கிறோம் என்று கேட்டுப் பார்த்தார்கள்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டார். மூவரும் ஆஜர். தராசு போதிய அளவு இறங்கியது. அரைப்பேர், அதாவது அரை நாள் வேலை, என்று எழுதினார். அதற்கு மேல் எங்களால் முடியாது என்று சொல்லிக் கும்பிட்டோம். அவர் எங்கள் முதுகுப்பைகளைப் பார்த்தார், ஏதோ கேட்க வந்தார், பின்னால் நின்ற பெண்களின் முகங்களைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். முருகையா கங்காணி அங்கே நின்றிருந்தார். யாரோ அவருக்கு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் கிட்ட வந்தார். மழையுறையின் மேல் என் தோளைத் தொட்டுத் தேடி, ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனார்.

புஷ்பம் அக்கா தன் பையிலிருந்த ரொட்டியையும் சம்பலையும் என் கையில் திணித்து, தேயிலைக்கு நடுவே ரயில் பாதைக்கு இறங்கும் குறுக்கு வழியையும் காட்டினார். ஓடினோம். பனி கலைந்து வெயில் வந்திருந்தது. தண்டவாளத்தை ஒட்டி அப்புத்தளையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது, எங்களுக்குப் பின்னாலிருந்து ரயில் வந்தது. ஒதுங்கி நின்றோம். அது எங்களைத் தாண்டிப் போனது. அதை விரட்டிக்கொண்டு ஓட யதுர்ஷன் பார்த்தான். ஸ்டேஷனில் அது நின்ற சத்தமும் கேட்டது, கிளம்பிய சத்தமும் கேட்டது. எங்கள் வகுப்புப் பிள்ளைகள் பாடும் சத்தம்கூடக் காற்றில் வந்ததாக ஞாபகம். அதன் பிறகு ஓட அவசியமில்லை. நடந்தோம். கேசினி என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். ஆறுதல் சொல்ல வேறு வழி தெரியாதபோது அவள் சுமையைப் பிடுங்குவாள்.

பிளாட்பாரம் காலியாக இருந்தது. கடைசி பெஞ்சில் வைரவநாதன் சேர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரிய பிளாஸ்க். மடியில் மடித்த குடை. மற்றப் பிள்ளைகளை இன்னொரு ஆசிரியரோடு ஏற்றி அனுப்பியிருந்தார்.

அவர் முன்னால் போய் நின்றேன். "ரயில் போயிருச்சே சேர்," என்றேன்.

"ஓம். போட்டுது. நான் ஏறேல்லையே."

அப்போதும் அது பகிடியா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. நான் நடந்ததெல்லாம் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. மற்றவர்கள் கொழுந்து போட்டது, ரொட்டி, குறுக்கு வழி எல்லாம் சொன்னேன். பெரட்டைத் தரிப்பு என்று தீர்ப்புச் சொன்ன நிபுணர் யார் என்பதையும் யதுர்ஷன் விடாமல் சொல்லிவைத்தான். ஏழாம் தரிப்பில் எங்களுக்காக நேற்று மாலையிலிருந்து காத்திருந்தவர் தபால்காரராம். பாவம் அவர்.

சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டிய அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. பிறகு அதைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பேர்?"

கொடுத்தேன். ஒரே நாளில் இரண்டாவது தடவை. இந்தத் தடவை அவ்வளவு சத்தமாக வரவில்லை.

இது நடந்து எவ்வளவோ காலமாயிற்று. சான்றிதழ் விடுதிச் சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கோடு தொங்குகிறது. ஹுமைத் நானா இப்போது சமையலறைக்குள் வருவதென்றால் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார். விடியற்காலையில் மலை ஏறப் போகும் வெள்ளைக்காரர்களுக்கு நான் கட்டிக்கொடுக்கும் பொதியில் ரொட்டியும் சம்பலும் இருக்கும். பேன்கேக் கேட்டாலும் அதுதான். தீபாவளிக்கு முதல் வாரம் ஏழாம் நம்பர் மலைக்கு ஒரு பெரிய பலகாரப் பெட்டியோடு போவேன். போன தடவையும் புஷ்பம் அக்கா முறுக்கை உடைத்துப் பார்த்துவிட்டு, இது முறுக்கா, மாட்டுக்குப் போட்டதா என்று கேட்டார். இரண்டு தின்ற பிறகுதான் கேட்டார்.

சேர் ஓய்வு பெற்றுவிட்டார். வாழ்நாளில் ஒரு ரயிலையும் தவறவிட்டதில்லை என்று இன்னும் சொல்கிறார். தவறவிடுவது வேறு, ஏறாமல் இருப்பது வேறு என்று விளக்கமும் தருகிறார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து கதையைச் சொன்னபோது அம்மா என் கையை வாங்கி, கொழுந்துப் பால் கறுத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"நம்ம தோட்டத்துல பேர் பதிடான்னு எத்தன நாளா சொல்றேன், வேணாம்னுட்டு, அசலூருக்குப் போய் பதிஞ்சிட்டு வந்திருக்க. அதுவும் அரைப்பேரு."

சொல்லிவிட்டுத் தன் தட்டிலிருந்த கருவாட்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.